ஊருக்கு ஒலித்த அலை, ஒருவரைத் தேடும் கற்றை

வானலை எல்லோருக்கும் பொதுவானது என்று எண்ணியே எமது தலைமுறை வளர்ந்தது. கோபுரத்திலிருந்து புறப்படும் அலை எட்டுத் திசைக்கும் போகும். கருவி வைத்திருப்பவன் அதைப் பிடித்துக்கொள்வான். "ஒலிபரப்பு" என்ற எமது சொல்லுக்குள்ளேயே பரப்புதல் என்ற வினை இருக்கின்றது. இன்றைய கையடக்கத் தொலைபேசிக்கு வரும் அலையோ அவ்வாறு பரவி வருவதில்லை. ஐந்தாம் தலைமுறை வலையமைப்பின் கோபுரங்களிலே தட்டையான பெட்டிகளைக் காணலாம். அவற்றுட் பலவற்றுள் 64 அலைபரப்பிகளும் அவற்றுடன் இணைந்த அன்ரனாக்களும் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. அவை யாவும் சேர்ந்து உங்களுக்குரிய அலையை உங்களை நோக்கியும், உங்கள் அயலவருக்குரிய அலையை அவரை நோக்கியும், ஒரே மீடிறனில், ஒரே கணத்தில் அனுப்புகின்றன. (தமிழகத்து நண்பர்கள் அதிர்வெண் என்பதை நாம் பாடசாலையில் மீடிறன் என்று படித்தோம், அச்சொல்லையே இங்கு கையாள்கிறேன்.)

இதற்காக, அலை புறப்படும் முன்னரே அதனைக் கணக்கிட்டு மாற்றியமைக்கும் வேலைக்கு முன்குறியாக்கம் என்று பெயர். நான் கலைப்பீடத்துப் பட்டதாரி. இத்துறையின் சமன்பாடுகளை விளக்குவது என் வேலையுமன்று, எனக்கு இயலுவதுமன்று. ஆயினும் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, யார் யாருடைய கைகளினூடாக வந்தது, வந்து எம்மிடம் எதைக் கேட்கிறது என்பவை வரலாற்றுக்குரிய வினாக்கள். அவற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

மூன்று கம்பிகளும் ஒரு முக்கோணமும்

அலையைத் திசைப்படுத்துவது புதிய ஆசையன்று. 1888 ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூவில் மின்காந்த அலையை ஆய்வுகூடத்தில் காட்டிய ஹைன்றிச் ஹேர்ட்ஸ், வளைந்த உலோகத் தகடுகளை வைத்து அதனை ஒரு பக்கமாகக் குவித்தார். அடுத்த சில ஆண்டுகளில் கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸ் மில்லிமீற்றர் அளவேயான மிகச் சிறிய அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். 1897 இல் லண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனில் அவற்றைச் செய்து காட்டினார். அலை சிறிதாயின் கருவியும் சிறிதாகும், திசைப்படுத்துவதும் எளிதாகும்.

ஆனால் வணிகம் வேறு வழியிற் சென்றது. மார்க்கோனி 1901 டிசெம்பரில் அத்திலாந்திக்கைத் தாண்டிச் செய்தி அனுப்ப முயன்றபோது நாடியது நீண்ட அலைகளை. தூரம் போக வேண்டுமானால் அலை நீளமாக இருக்க வேண்டும் என்பதே அக்காலத்து நம்பிக்கை. நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமுள்ள அலையைக் குவிக்கும் தகட்டை எவரால் கட்ட இயலும்? திசை என்ற எண்ணம் சிறிது காலம் பின்தங்கியது.

அதனை வேறொரு விதத்தில் மீட்டவர் கார்ல் பேர்டினன்ட் பிறவுண். அவர் 1905 இல் ஸ்ற்றாஸ்பேர்க்கில் மூன்று அன்ரனாக்களை முக்கோணமாக நிறுத்தினார். மூன்றுக்கும் ஒரே சைகையைக் கொடுத்தார்; ஆனால் ஒன்றுக்கு மட்டும் சற்றுத் தாமதித்துக் கொடுத்தார். மூன்றிலிருந்தும் புறப்பட்ட அலைகள் ஒரு பக்கத்தில் ஒன்றையொன்று வலுப்படுத்தின; மறு பக்கத்தில் ஒன்றையொன்று அழித்தன. எந்த அன்ரனாவுக்குத் தாமதம் என்பதை மாற்றினால் அலை செல்லும் திசையும் மாறியது. கம்பம் எதுவும் திரும்பவில்லை, அசையவுமில்லை.

தேர்த் திருவிழா கண்டவர்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று. நூறு பேர் தத்தம் விருப்பத்திற்கு வடத்தை இழுத்தால் தேர் அசையாது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுத்தால் அசையும். இழுக்கும் கணத்தைப் பொருத்துவதிலேதான் வலு இருக்கின்றது. இயற்பியலார் இந்தப் பொருத்தத்தை அவத்தை என்பர்.

1909 இல் மார்க்கோனியும் பிறவுணும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். மார்க்கோனியின் பெயர் பாடப்புத்தகங்களிற் பதிந்தது. பிறவுண் முதலாம் உலகப் போர் தொடங்கிய ஆண்டில் காப்புரிமை வழக்கொன்றின் பொருட்டு அமெரிக்கா சென்று, போரினால் நாடு திரும்ப இயலாமல், 1918 இல் நியூயோர்க்கின் புறூக்ளினில் காலமானார். இன்றைய கோபுரப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் அந்த முக்கோணத்தின் வழித்தோன்றலே.

பேரரசின் கற்றைகள்

மார்க்கோனி தாமே பின்னர் திசைக்குத் திரும்பினார். அவருடைய நிறுவனத்துப் பொறியியலாளர் சி. எஸ். பிராங்ளின் சிற்றலைகளைக் கொண்டு செய்த சோதனைகள், குறைந்த வலுவிலேயே உலகின் மறுபுறத்தை எட்டலாம் என்று காட்டின. செங்குத்துக் கம்பிகளைத் திரைச்சீலை போல வரிசையாகத் தொங்கவிட்டு, பின்னால் எதிரொளிக்கும் மற்றொரு திரையை வைத்து, அலையை ஒரே திசைக் கற்றையாக்கினார் பிராங்ளின். 1924 இல் பிரித்தானிய அஞ்சல் திணைக்களம் இதற்கு ஒப்பந்தம் செய்தது. கனடாவுக்கான சேவை 1926 ஒக்ரோபரிலும், அவுஸ்திரேலியாவுக்கானது 1927 ஏப்ரலிலும், தென்னாபிரிக்காவுக்கானது அவ்வாண்டு யூலையிலும், இந்தியாவுக்கானது செப்ரெம்பரிலும் தொடங்கின. இந்தியப் பக்கத்து நிலையங்கள் பூனா நகருக்கு அண்மையில் அமைந்தன.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் இந்த அத்தியாயத்தை மறக்கலாகாது. தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்த காலம் அது. கற்றைச் சேவை கடலடிக் கம்பியிலும் மலிவு. கம்பி நிறுவனங்களின் வருமானம் விரைவாகச் சரிந்தது. பேரரசின் இராணுவப் பாதுகாப்புக்குக் கம்பி அவசியம், அதனை அழிய விட இயலாது என்று கருதிய லண்டன் 1928 இல் மாநாடு கூட்டியது. 1929 இல் இரு தரப்பையும் ஒரே நிறுவனமாக இணைத்தது. அது 1934 இல் கேபிள் அன்ட் வயர்லெஸ் என்ற பெயரைப் பெற்றது. அலையைத் திசைப்படுத்திய ஒரு நுட்பம் மூன்றே ஆண்டுகளில் ஒரு பேரரசின் தொடர்பு வணிகத்தையே மாற்றியமைத்தது.

ஆனால் அந்தக் கற்றைகள் அசைவற்றவை. பூனாவை நோக்கிக் கட்டினால் பூனாவை மட்டுமே நோக்கும். அசையும் கற்றையை நீண்ட தூரச் சேவைக்கென அமைத்தவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்து ஹெரால்ட் பிறீசும் பெல்ட்மனும். அவர்கள் 1937 இல் வெளியிட்ட முறையில் சாய்சதுர வடிவிலான ஆறு அன்ரனாக்கள் ஒரே நேர்கோட்டில் நின்றன. அவத்தையை மாற்றும் கருவிகளைத் திருகினால், அத்திலாந்திக்குக்கு அப்பாலிருந்து வானத்திற் பட்டுத் திரும்பும் அலையை அது வரும் கோணத்திலேயே பிடிக்க முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் இதே தத்துவம் ராடருக்குப் போயிற்று. கடலுக்கடியில் ஒலியைக் கொண்டு தேடும் சோனாருக்கும் போயிற்று. சோனாரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இக்கதையின் அடுத்த திருப்பம் அங்கிருந்தே வருகின்றது.

தொலைபேசிக் கம்பியிற் பிறந்த தந்திரம்

கற்றை ஒரு பாதி. முன்குறியாக்கம் மறு பாதி. அது பிறந்த இடம் வானலையன்று, சாதாரணத் தொலைபேசிக் கம்பி.

நான் பத்திரிகையிற் சேர்ந்த காலத்தில் மாகாண நிருபர்கள் செய்தியைத் தொலைபேசியில் வாசிப்பர். கொழும்பில் ஒருவர் எழுதிக்கொள்வார். கம்பி இரைச்சலிடும். சில ஒலிகள் எப்போதும் விழுங்கப்பட்டுவிடும். அனுபவமுள்ள நிருபர்கள் மறுமுனையில் இருப்பவர் திருத்திக் கேட்பார் என்று காத்திருக்கமாட்டார்கள். எது விழுங்கப்படும் என்று அறிந்து, அந்த எழுத்தை முன்கூட்டியே அழுத்திச் சொல்வார்கள். ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். கம்பி செய்யப்போகும் கெடுதலைச் சொல்பவரே முன்கூட்டி ஈடுசெய்துவிடுவார்.

முன்குறியாக்கத்தின் சாரம் இதுவே. 1971 இல் இங்கிலாந்தில் மார்ட்டின் ரொம்லின்சனும், 1972 இல் யப்பானில் ஹராஷிமாவும் மியாகவாவும், ஒருவரிலிருந்து ஒருவர் வேறாக, இதனைக் கணித முறையாக்கினர். கம்பியில் முன்னால் சென்ற சைகையின் வால் பின்னால் வருவதன் மீது படிந்து குழப்பும். ஏற்கும் கருவி அதனைச் சுத்திகரிக்க முயன்றால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். அனுப்பும் கருவியே அந்த வாலைக் கழித்து அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. 1994 இல் வெளிவந்த வி.34 என்ற மொடெம் நியமத்திலே முன்குறியாக்கம் இடம்பெற்றது. விநாடிக்கு 28,800 பிற் வேகத்தை அது சாதாரணத் தொலைபேசிக் கம்பியிற் சாத்தியமாக்கியது. கீச்சிட்டு முனகிய அந்த மொடெம்களுக்குள் இத்தனை நுட்பம் இருந்தது என்பதை அன்று இணையம் பார்த்த எம்மில் எவர் அறிந்திருந்தோம்?

இதற்கு ஆழமான விளக்கத்தைத் தந்தவர் மக்ஸ் கொஸ்ரா. 1983 இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே "அழுக்குத் தாளில் எழுதுதல்" என்பதுதான். ஒரு தாளில் ஆங்காங்கே கறைகள் உள்ளன. வாசிப்பவருக்கு எது கறை, எது மை என்று தெரியாது. ஆனால் எழுதுபவருக்குக் கறைகள் இருக்கும் இடம் முன்கூட்டியே தெரியும். அவ்வாறாயின் எவ்வளவு செய்தியை எழுதலாம்? சுத்தமான தாளில் எழுதக்கூடிய அதே அளவை எழுதலாம் என்று கொஸ்ரா நிறுவினார். இரைச்சலை எதிர்த்துச் சத்தமிட வேண்டியதில்லை. அதனை அறிந்திருந்தாற் போதும். பல ஆண்டுகள் வெறும் அழகிய தேற்றமாகக் கிடந்த இக்கட்டுரை, பல அன்ரனாக்களின் காலம் வந்தபோது தேடி எடுக்கப்பட்டது.

பொள்ளாச்சியிலிருந்து ஸ்ரான்போர்ட் வரை

1971 டிசெம்பர் 9 ஆம் திகதி, இந்திய - பாகிஸ்தான் போரின்போது, இந்தியக் கடற்படையின் குக்ரி என்ற கப்பலைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி மூழ்கடித்தது. நீர்மூழ்கியைக் கண்டறியும் சோனாரின் பலவீனம் அன்று வெளிப்பட்டது. அதனைச் சீர்செய்யும் பணி ஓர் இளம் கடற்படை அதிகாரியிடம் வந்தது. அவர் பெயர் ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944 இல் தமிழ்நாட்டின் பொள்ளாச்சியிற் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கடற்படையிற் சேர்ந்தவர். டில்லி இந்தியத் தொழினுட்ப நிறுவனத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுகூடத்தில் அவர் தலைமையில் உருவான அப்சோ என்ற சோனார் 1983 இற் கடற்படைக்குக் கிடைத்தது. பல உணர்கருவிகளை அணிவகுத்து, அவற்றில் விழும் ஒலிகளைச் சேர்த்துக் கழித்துத் திசையறிவதே சோனாரின் வேலை. பிறவுணின் முக்கோணம் தண்ணீருக்குள் இறங்கியது என்று கொள்ளலாம்.

கடற்படையிலிருந்து விலகிய பால்ராஜ் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில், பூனாவிற் பிறந்த பேராசிரியர் தோமஸ் கைலாத்தின் குழுவிற் சேர்ந்தார். ஒரே மீடிறனில் வரும் இரு சைகைகளைப் பல அன்ரனாக்கள் கொண்டு பிரித்தெடுக்கும் ஆய்வில் அவர் ஈடுபட்டிருந்தார். அலைகள் கட்டடங்களிலும் மேடுகளிலும் பட்டுச் சிதறும்போது, மிக அருகருகே உள்ள இரு மூலங்களைக்கூடப் பிரித்தறிய இயலும் என்பதை அங்கு கண்டார்.

இது வழமையான எண்ணத்தைத் தலைகீழாக்கியது. சிதறல் வானலைப் பொறியியலின் பரம வைரி. தொலைக்காட்சியில் ஒரு முகத்திற்குப் பக்கத்தில் நிழல்போல மற்றொரு முகம் தெரிந்ததே, அது சிதறலின் விளைவு. பால்ராஜ் அந்த வைரியை நண்பனாக்கலாம் என்றார். ஒவ்வொரு அன்ரனாவிலிருந்தும் புறப்படும் அலை வெவ்வேறு சுவர்களிற் பட்டு வெவ்வேறு அடையாளத்துடன் வருமாயின், ஒரே மீடிறனில் பல செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்பிப் பிரித்துக்கொள்ளலாம். கைலாத்துடன் இணைந்து 1992 இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1994 இல் வழங்கப்பட்டது. தொடக்கத்திற் பலர் இதனை ஐயத்துடனேயே நோக்கினர்.

ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரே தந்தையைத் தேடுவது பத்திரிகைக்காரரின் பழக்கம்; நியாயமாக எழுத வேண்டுமானால் மற்றவர்களையும் சொல்ல வேண்டும். பெல் ஆய்வுகூடத்தில் எம்ரே ரெலத்தார் 1995 இல் இதன் கோட்பாட்டு எல்லையை வகுத்தார். அதே கூடத்தில் ஜெரார்ட் பொஷினி 1996 இல் செயல்முறையொன்றை முன்வைத்தார். அவர்களுக்கு முன்னரும் சிலர் இவ்வழியில் நடந்திருந்தனர். ஆயினும் பால்ராஜின் பங்கு வெறும் காப்புரிமைத் தாளோடு நின்றுவிடவில்லை. 1998 இல் அவர் தொடங்கிய நிறுவனம் இதனைக் கருவியாக்கிக் காட்டியது. பின்னர் இன்ரெல் அதன் நுட்பத்தை வாங்கியது. 2009 இல் வந்த வைஃபை நியமத்திலும், அவ்வாண்டு டிசெம்பரில் ஒஸ்லோவிலும் ஸ்ரொக்ஹோமிலும் தொடங்கிய நான்காம் தலைமுறைச் சேவையிலும் பல அன்ரனா முறை இடம்பிடித்தது. 2014 இல் பால்ராஜுக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. உலகெங்கும் கைகளில் இருக்கும் கருவியொன்றின் உள்ளுயிராக விளங்கும் எண்ணத்தை வளர்த்த தமிழரை, திரைப்பட நடிகரின் பிறந்தநாளை நினைவில் வைத்திருக்கும் எமது வாசகர்களில் எத்தனை பேர் அறிவர் என்பது எனக்குள்ள ஆதங்கம்.

நூறு அன்ரனாக்களின் எளிமை

பல அன்ரனா முறை வந்ததும் ஒரு சிக்கலும் வந்தது. கோபுரத்தில் இடமுண்டு, மின்சாரமுண்டு, அன்ரனாக்களை அடுக்கலாம். கையிலுள்ள கருவியில் எத்தனை வைக்கலாம்? கோபுரத்தின் கீழ் பத்துப் பேர் இருந்தால் அவர்கள் தமக்குள் பேசி, வந்து சேர்ந்த கலவையைப் பிரித்துக்கொள்ளவும் இயலாது. ஆகவே பிரிக்கும் வேலை முழுவதையும் கோபுரமே அனுப்பும் முன் செய்தாக வேண்டும். முருகேசுவுக்கான சைகை சிவகாமியின் காதில் விழாதபடி அறுபத்து நான்கு அன்ரனாக்களிலும் அதனைக் கூட்டிக் குறைத்து அனுப்ப வேண்டும். தொலைபேசிக் கம்பியின் முன்குறியாக்கம் இவ்விதம் வானலைக்கு வந்தது. கொஸ்ராவின் அழுக்குத் தாளும் திரும்ப வந்தது: சிவகாமிக்கு முருகேசுவின் செய்தி ஒரு கறை, ஆனால் எழுதும் கோபுரத்துக்கு அக்கறை இருக்கும் இடம் நன்கு தெரியும்.

கோட்பாட்டில் உகந்த அம்முறை நடைமுறையில் கணினியைத் திணறடிப்பது. அதற்கு விடை தந்தவர் பெல் ஆய்வுகூடத்து தோமஸ் மார்செற்றா. 2010 இல் வெளிவந்த கட்டுரையில் அவர் கேட்ட வினா விசித்திரமானது: கோபுரத்தில் அன்ரனாக்கள் எல்லையின்றிப் பெருகினால் என்ன நடக்கும்? அவ்வாறு பெருகப் பெருக, மிக எளிய முன்குறியாக்கமே போதுமானதாகிவிடுகின்றது. தற்செயலான இரைச்சலும் ஏற்ற இறக்கங்களும் சராசரியில் மறைந்துபோகின்றன. ஒரே ஒரு குறை மட்டும் மறையாமல் நின்றது.

கோபுரம் சரியாகக் குறிவைக்க வேண்டுமானால், ஒவ்வொரு கருவியும் இடையறாது ஒரு சிறு அடையாளச் சைகையை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். அதனைக் கேட்டே கோபுரம் பாதையை அறிகின்றது. அடையாளச் சைகைகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. ஆகவே பக்கத்துக் கோபுரத்தின் கீழ் உள்ள ஒருவருக்கும் அதே அடையாளம் கிடைத்துவிடும். ஒரே பெயருள்ள இருவர் அடுத்தடுத்த வகுப்பறைகளில் இருக்க, இடாப்புக் கூப்பிடும்போது இருவரும் "உள்ளேன் ஐயா" என்றால் ஆசிரியர் என்ன செய்வார்? எத்தனை அன்ரனாக்களைக் கூட்டினாலும் இக்குழப்பம் கூடவே வளர்கின்றது. இதனைத் தணிக்கப் பின்னர் பல வழிகள் கண்டறியப்பட்டன. 2019 இல் தென்கொரியாவில் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கிய காலமளவில் 64 அலைபரப்பிகள் கொண்ட பெட்டிகள் வணிகப் பொருளாகிவிட்டிருந்தன.

வானவில்லாய்ச் சிதறும் கற்றை

மேலும் வேகம் வேண்டுமாயின் மேலும் அகலமான அலைப்பட்டை வேண்டும். கீழ் மீடிறன்களில் இடமில்லை. வானொலி, தொலைக்காட்சி, விமானம், இராணுவம் என எல்லோரும் பங்குபோட்டாயிற்று. எஞ்சியிருப்பது மில்லிமீற்றர் அலை, அதாவது போஸ் கல்கத்தாவில் விளையாடிய அதே வெளி. அவ்வலைகள் கைபேசிக்கு ஒவ்வாதவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நியூயோர்க்கிலும் ரெக்சாசின் ஒஸ்ரினிலும் அளந்து பார்த்து, இது நடக்கும் என்று 2013 இல் அறிவித்தவர் தியோடர் றப்பபோட்டும் அவருடைய குழுவினரும். அலை சிறிதாகையால் நூற்றுக்கணக்கான அன்ரனாக்களை உள்ளங்கை அளவுத் தகட்டில் அமைக்கலாம்.

ஆனால் ஒவ்வொரு அன்ரனாவுக்கும் முழுமையான மின்னணுத் தொகுதியொன்றைக் கொடுத்தால் செலவும் வெப்பமும் தாங்காது. ஆகவே பெரும்பகுதி வேலையை மலிவான அவத்தை மாற்றிகளிடமும், சிறு பகுதியை மட்டும் கணினியிடமும் ஒப்படைக்கும் கலப்பு முன்குறியாக்கம் உருவானது. 2014 இல் றொபேர்ட் ஹீத் முதலானோர் வெளியிட்ட கட்டுரை அதற்கு வழிகாட்டியது.

இங்கேதான் அகலமான பட்டை தன் வேலையைக் காட்டியது. அவத்தை மாற்றி என்பது "கால் சுற்றுத் தாமதி" என்று கட்டளையிடுவது போன்றது. கால் சுற்றுக்கு ஆகும் நேரம் மீடிறனுக்கு மீடிறன் வேறுபடும். வேகமாகச் சுழல்வதற்கு அது குறைவு. மெதுவாகச் சுழல்வதற்கு அதிகம். குறுகிய பட்டையில் இவ்வேறுபாடு பொருட்டல்ல. அகன்ற பட்டையில், ஒரே கற்றைக்குள் இருக்கும் வெவ்வேறு மீடிறன்கள் வெவ்வேறு திசை நோக்கிப் போய்விடுகின்றன.

ஓர் உதாரணம். 300 கிகாஹேர்ட்ஸை நடுவாகக் கொண்டு 30 கிகாஹேர்ட்ஸ் அகலமான பட்டையை, 256 அன்ரனாக்கள் கொண்ட வரிசையால், 45 பாகைத் திசையில் அனுப்புகிறோம் என்று கொள்வோம். வரிசையின் மொத்த நீளம் சுமார் 13 சென்ரிமீற்றர், ஒரு சாணுக்கும் குறைவு. நடு மீடிறன் சரியாக 45 பாகையிற் செல்லும். பட்டையின் மேல் விளிம்பு ஏறத்தாழ 42 பாகையிலும் கீழ் விளிம்பு ஏறத்தாழ 48 பாகையிலும் செல்லும். கற்றையின் அகலமோ அரைப் பாகையளவே. நூறு மீற்றர் தூரத்தில் இரு விளிம்புகளுக்கும் இடையே பத்து மீற்றர் விலகல். நடுவில் நிற்பவருக்குப் பட்டையின் நடுப்பகுதி மட்டுமே கிடைக்கும். மிகுதி அவரது இரு புறமும் வானவில்லாய்ப் பிரிந்து வீணாகும்.

பரிகாரம் அவத்தைக்குப் பதிலாக உண்மையான நேரத் தாமதத்தைக் கொடுப்பது. "கால் சுற்றுத் தாமதி" என்பதற்குப் பதிலாக "இத்தனை விநாடி தாமதி" என்றால் எல்லா மீடிறன்களும் ஒரே திசையிற் செல்லும். ஒவ்வொரு அன்ரனாவுக்கும் அத்தகைய தாமதக் கருவி கொடுப்பது செலவு. சில தாமதக் கருவிகளையும் பல அவத்தை மாற்றிகளையும் சேர்த்து அமைக்கும் முறையொன்றைச் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 இல் வெளியிட்டனர்.

இந்தக் குறையும் பழையதே என்பது வரலாற்றின் வேடிக்கை. ராடர் பொறியியலாளர்கள் இதனை நன்கறிவர். அமெரிக்கக் கடற்படை ராடர்கள் சில, மீடிறனை மாற்றினால் கற்றை தானாகத் திரும்பும் என்ற இதே இயல்பைக் கருவியாகக்கொண்டு வானத்தை மேலும் கீழும் துழாவின. இன்றைய ஆய்வாளர்களும், பல திசைகளில் இருப்போரை ஒரே வீச்சில் தேடிப்பிடிக்க இந்த வானவில்லை வேண்டுமென்றே விரிக்கலாம் என்கின்றனர். சிதறலை நண்பனாக்கியது போல விலகலையும் வேலைக்காரனாக்கப் பார்க்கின்றனர்.

கேட்பவன் யார் என்று அறிந்த கோபுரம்

இதுவரை எழுதியது பொறியியலின் வெற்றிக் கதை. பத்திரிகையாளன் என்ற வகையில் எனக்கு இதன் மறுபக்கமும் தெரிகின்றது.

இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளையகம் இத்தீவில் அமைந்தபோது, அதன் படையினருக்கென ஒரு சிற்றலை வானொலி உருவானது. ஏக்கலையில் 100 கிலோவாற்று ஒலிபரப்பி நிறுவப்பட்டது. 1949 இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்து ரேடியோ சிலோன் ஆனது. 1952 இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இந்தியா முழுவதும் கொழும்பின் பக்கம் காது திருப்பியது. தென்னிந்தியக் கிராமங்களில் எமது தமிழ் ஒலிபரப்பைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது கொழும்புக்குத் தெரியாது; அவர்கள் எழுதிய அஞ்சலட்டைகள் மட்டுமே சாட்சி. டில்லிக்கும் தெரியாது. கேட்பவன் தன்னை அறிவிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் 1990 இல் மின்சாரம் நின்றது. மின்கலம் கிடைப்பதும் அரிதாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலியை இயக்கி, இரவில் பீபீசி தமிழோசையைக் கேட்டனர் எம்மக்கள். ஒரு வீட்டு முற்றத்தில் இருபது பேர் கூடுவர். போரில் ஈடுபட்ட எந்தத் தரப்பும், அந்த முற்றத்தில் அந்த அலை ஏற்கப்படுகின்றது என்பதை அலையைக் கொண்டு அறிந்திருக்க முடியாது. சிற்றலை எவரையும் கேட்காமல் வந்தது. எவரிடமும் சொல்லாமல் ஏற்கப்பட்டது. அந்த அநாமதேயம் பல உயிர்களுக்குக் காவலாக இருந்தது என்பதை அக்காலத்தில் அங்கு வாழ்ந்தோர் அறிவர்.

புதிய கற்றை அப்படியன்று. குறிவைக்க வேண்டுமாயின் அது உங்களை அறிய வேண்டும். உங்கள் கருவி இடையறாது "உள்ளேன் ஐயா" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கற்றை மெல்லிதாகும்தோறும் நீங்கள் நிற்கும் இடத்தைக் கோபுரம் மேலும் துல்லியமாக அறிகின்றது. இது எவரோ சதி செய்து சேர்த்த அம்சமன்று. கொஸ்ராவின் தேற்றத்திலேயே உள்ளது. கறையை அறிந்தவனே கறைபடிந்த தாளில் எழுத இயலும். கோபுரத்தின் இவ்வறிவை இடங்காணும் சேவையாகவே ஐந்தாம் தலைமுறை நியமங்கள் 2020 முதல் முறைப்படுத்தியுள்ளன. விபத்திற் சிக்கியவரை மீட்க அது உதவும். ஒரு கூட்டத்தில் யார் யார் நின்றனர் என்று அறியவும் அதே அறிவு போதும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, கற்றை வேண்டுமா வேண்டாமா என்பதன்று. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து வந்த இவ்வறிவைத் திருப்பி அனுப்ப இயலாது, அனுப்பவும் வேண்டியதில்லை. வரையறுக்கப்பட்ட வானலையைப் பலருக்கும் பகிர்ந்தளிக்க இதனினும் சிறந்த வழி இதுவரை இல்லை. கோபுரம் அறிந்ததை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், யார் கேட்டால் கொடுக்கலாம், எந்த நீதிமன்றத்தின் கட்டளையோடு கொடுக்கலாம் என்பவற்றையே நாம் கேட்க வேண்டும். அலைவரிசை ஏலத்தின் தொகையைத் தலைப்புச் செய்தியாக்கும் எமது பத்திரிகைகள் இவற்றை உட்பக்கத்திலேனும் எழுதுவது அரிது.

1928 இல் லண்டனிற் கூடியவர்கள் கம்பியும் கற்றையும் யாருக்குச் சொந்தம் என்று மட்டுமே விவாதித்தனர். அந்தக் கம்பியிலும் கற்றையிலும் சென்ற செய்திகளுக்கு உரியவர்களை அந்த மேசைக்கு எவரும் அழைக்கவில்லை. அந்த மேசை இன்றும் போடப்பட்டுத்தான் இருக்கின்றது. அழைப்பு வரும்வரை காத்திராமல் போய் அமர்வது எமது பொறுப்பு.